ஊசிக்கு வராதவரைத் தேட எந்த அப் நல்லம்? (சமூக உளநல அணிகள், மட்டக்களப்பு – அம்பாறை)

வாவியோரம் | திங்கள் இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம். மட்டக்களப்பு மாவட்டத்தில ஒரு ஆதார வைத்தியசாலையின்ட உளநலப் பிரிவில வேலை செய்யிறன். எந்த ஆஸ்பத்திரி எண்டு கேட்க வேணாம், எழுதவும் மாட்டன். கதைக்க வந்தது கருவியைப் பற்றி.

அணியில மெடிக்கல் ஒபிசர் ஒராள், சமூக உளநலத் தாதிமார், ஒரு சமூக சேவையாளர், தேவைப்பட்டா பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரும் வருவார். டிஜிட்டல் எண்டு எங்களிட்ட இருக்கிறது ஒரு வட்ஸ்அப் குரூப், டொக்டரின்ட லெப்டொப்பில ஒரு எக்செல் ஷீட், மாத அறிக்கைக்கு மேல அனுப்புற ஒரு ஃபோம். ஆனா வேலை நடக்கிறது ஒரு சீ.ஆர். கொப்பியாலதான் (மொத்த மட்டைக் கொப்பி). மனநோய்க்கு மாசாமாசம் மருந்து ஊசி போடுற ஆக்களின்ட பேர் எல்லாம் அதுக்குள்ள. கிளினிக் முடியிற நேரம் யார் வரல்ல எண்டு பார்த்து சிவப்புப் பேனையால வட்டம் போடுவம். அடுத்த கிழமை ஃபீல்டுக்குப் போறது அந்த வட்டங்களைத் தேடித்தான்.

இப்ப ஒரு புரொஜெக்ட்டால டெப்பும் (டெப்லெட்) தந்து அப் ஒண்டும் போட்டுத் தாறம் எண்டு வந்திருக்காங்க. டெமோ காட்டினாங்க, பார்க்க வடிவு. வயது வாரியா, பிரதேச செயலகப் பிரிவு வாரியா, நோய் வாரியா கலர் கலரா வரைபு வருது. நான் ஒண்டு கேட்டன்: "இண்டைக்கு ஊசிக்கு வரவேண்டிய ஆள் வராம விட்டா, அந்தப் பேரை எந்தப் பக்கத்தில பார்க்கிற?" ஆளையாள் பார்த்தாங்க. "ரிப்போட் எடுத்து ஃபில்டர் பண்ணலாம் சேர்" எண்டாங்க.

ஆகவே கேட்கிறன், இந்த வேலைக்கு எதைப் பாவிக்கிறது? ஆராவது பாவிச்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்க.

கல்லடிக் கோடர் | திங்கள் இரவு 9.50

அண்ணன், அவங்க காட்டினது அனேகமா கோபோ டூல்பொக்ஸ் இல்லாட்டி ஓடீகே மேல கட்டின ஒண்டு. கோபோவைக் குறை சொல்லமாட்டன். சிக்னல் இல்லாத இடத்திலயும் ஃபோமை நிரப்பி போனுக்குள்ளயே வைச்சிருந்து, கவரேஜ் வந்த பிறகு அனுப்பும். வெள்ளத்துக்குப் பிறகு எந்த முகாமில எத்தனை குடும்பம், என்ன தேவை எண்டு ஒரே நாளில எடுக்க அதை விட லேசான சாமான் இல்ல. ஆனா அது ஒராளை ஒருதரம் கேட்டு எழுதிப்போட்டு நகருற வேலைக்குச் செய்தது. ஒரே ஆளை மாசாமாசம், வருசக்கணக்காப் பின்தொடர வேணுமெண்டா அதை வளைச்சு நிமிர்த்தித்தான் எடுக்க வேணும்.

உங்களுக்குத் தேவை கேஸ் ட்ராக்கிங். டீஎச்ஐஎஸ்2 எண்டு சுகாதாரத் தகவல் பதியிற மென்பொருள் ஒண்டு இருக்கு, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தாலதான் வந்தது, இலவசம், ஓப்பன் சோர்ஸ். நம்மட சுகாதார அமைச்சுக்கு அது புதுசில்ல. 2020 ஜனவரியிலயே கொவிட்டுக்கு அதில முதல் ட்ராக்கரைச் செய்தது இலங்கைதான், பிறகுதான் மற்ற நாடுகள் எடுத்தது. அதின்ட ட்ராக்கரில ஒரு ஆளைப் பதிஞ்சு, அடுத்த வருகைத் திகதியைப் போட்டா, திகதி தாண்டினவங்களைத் தனியாக் காட்டும். அண்ட்ரொய்ட் அப் ஒப்லைனிலயும் வேலை செய்யும்.

புரொஜெக்ட்காரரிட்ட ஒரு வரி சொல்லுங்க: அப் திறந்த உடன வாற முதல் பக்கத்தில வராதாக்களின்ட பேர்தான் இருக்க வேணும். வரைபு எல்லாம் பிறகு.

படுவான்கரை மிஸ் | திங்கள் இரவு 10.25

தம்பி சொல்றது விளங்குது. நான் ஃபீல்டுக்குப் போறவள், அங்க நடக்கிறதைச் சொல்றன்.

எண்ட பக்கம் வெல்லாவெளி, மண்டூர். குருமண்வெளித் துறையால பாதையில (வாவி கடக்கிற மிதவையில) ஸ்கூட்டியை ஏத்தி அக்கரைக்குப் போனா, அதுக்குப் பிறகு வயலும் வரம்பும்தான். சில ஊருக்குள்ள பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு போக ஏலா, யானை இறங்கிடும். அந்த வெயிலுக்குள்ள டெப் திரையில ஒரு எழுத்தும் தெரியாது. அதை விடப் பெரிய கரைச்சல் வேற. ஒரு வீட்டு முத்தத்தில டெப்பை வெளியில எடுத்தா, அஸ்வெசும (அரசாங்கத்து உதவிப் பணம்) பதிய வந்திருக்காங்க எண்டு அக்கம்பக்கத்து ஆக்கள் எல்லாம் அடையாள அட்டையோட வந்து நிப்பாங்க. "எங்கட பேரும் போடுங்க மிஸ், போன தரம் விடுபட்டிட்டு." நான் வந்தது அந்த வீட்டுப் பெடியன் ஊசிக்கு வரல்ல எண்டு. அவ்வளவு சனத்துக்கு நடுவில அந்தத் தாயிட்ட நான் என்னத்தைக் கேட்கிற?

அதனால நான் டெப்பை வீட்டுக்குள்ள எடுக்கிறதில்ல. ஒரு சின்னத் துண்டில பேருக்குப் பதிலா கிளினிக் நம்பர் எழுதிக்கொண்டு போவன். பதிவு எல்லாம் திரும்பி வந்துதான்.

போன் உதவாது எண்டு சொல்ல வரல்ல. வட்ஸ்அப்பில லைவ் லொகேஷன் எட்டு மணித்தியாலத்துக்குப் போட்டுட்டுத்தான் போறன். பொம்பிளை தனியப் போற வேலை. டிஜிட்டல் கருவியில எனக்கு ஆகப் பிரயோசனப்பட்டது அதுதான், அதை ஒரு புரொஜெக்ட்டும் தரல்ல.

பட்டிருப்பான் | திங்கள் இரவு 10.41

நோட்ஸ் எல்லாத்தையும் சட்ஜீபீடியில போட்டா வடிவாச் சுருக்கித் தருமே. தமிழும் இங்கிலீசும் கலந்திருந்தாலும் விளங்கும். ஏன் இவ்வளவு கஷ்டம்?

படுவான்கரை மிஸ் | திங்கள் இரவு 10.44

ஆரின்ட நோட்ஸை, தம்பி?

ஆரையம்பதி அக்கா | செவ்வாய் காலை 6.30

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்ல. எண்ட தம்பிக்குக் கன வருசமா வருத்தம். கிளினிக் கொப்பி, மருந்து, ஊசி எல்லாம் நான்தான் பார்க்கிறன். இந்த இழை கண்ணில பட்டது, சொல்லாம விட மனமில்ல.

ஒரு இடத்தில (பேர் வேணாம்) கிளினிக் திகதியை மெசேஜில அனுப்பத் தொடங்கினாங்க. நல்ல எண்ணம்தான். கொப்பியில இருந்தது எங்கட கடைசித் தங்கச்சியின்ட நம்பர், அந்த நேரம் வீட்டில அவளிட்ட மட்டும்தான் போன். தங்கச்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டாக்கள் வந்து இருக்கிறாங்க. போன் மேசையில கிடக்கு. டிங் எண்டு சத்தம். மூத்தக்காட மகன் ரெண்டாம் வகுப்பு, எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிற வயசு. போனை எடுத்து உரத்து வாசிக்கிறான்: தம்பியின்ட முழுப்பேர், தகப்பன்ட பேர், "மன-நல கிளி-னிக்குக்கு நாளை தவறாமல் சமுகமளிக்கவும்." அம்மா தேத்தண்ணித் தட்டத்தோட குசினி வாசலில அப்படியே நிண்டிட்டா.

சம்பந்தம் குழம்பினது அதாலதான் எண்டு சொல்லமாட்டன், சீதன வீட்டுக் கதையும் ஒண்டு இழுபட்டது. ஆனா அதுக்குப் பிறகு அம்மா அந்தக் கிளினிக்குக்கே போக விடல்ல. தம்பி மருந்தில்லாம இருந்தான். பிறகு நடந்ததை இஞ்ச எழுத ஏலா.

"வியாழன் திகதி. மறக்க வேணாம்." இவ்வளவு போதுமே. ஏன் பேர்? ஏன் "மனநல"? வாற ஆளுக்குத் தெரியாதா தான் எங்க போறதெண்டு?

கல்லடிக் கோடர் | செவ்வாய் காலை 7.15

அக்கா, இதை டெமோ காட்ட வாறவங்க எல்லாருக்கும் வாசிக்கக் குடுக்க வேணும். மெசேஜ் அனுப்புற ஆளின்ட பேராத் திரையில என்ன வரும் எண்டதையும் சேர்த்துக் கேளுங்க. மெசேஜுக்குள்ள ஒண்டும் இல்லாம, அனுப்பினவர் பேரில "மனநலம்" எண்டு வந்தா அதுவும் அதே கதைதான்.

அக்கரைப்பற்றுக் காக்கா | செவ்வாய் பகல் 1.05

ஸலாம். நான் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில ஒரு பிரதேச செயலகத்தில உளவளத்துணை செய்யிற ஆள். ரெண்டு விசயம் சொல்லணும்.

எங்கட பக்கத்து வீடுகளில பகலைக்குத் தெரியாத நம்பர் வந்தா ஆரும் எடுக்கிறதில்ல. லோன்காரன் எண்டு பயம். கிழமை லோன் எடுத்த பொம்பிளையள் போனை அரிசி வாளிக்குள்ள போட்டு மூடி வெச்சிரிக்கிறதைக் கண்ணால கண்டிரிக்கன். ஆஸ்பத்திரிச் சிஸ்டம் அழைச்சிட்டு "தொடர்பு கொள்ள முடியவில்லை" எண்டு பதிஞ்சிட்டுப் போயிடும். அந்த ராத்தா வீட்டிலதான் இரிக்கா, போனும் வேலை செய்யுது. எடுக்கத்தான் பயம். அதனால முதல் சந்திப்பிலேயே எண்ட நம்பரை அவங்கட போனில நானே பதிஞ்சு குடுக்கிற. என்ன பேரில பதியிற எண்டு அவங்களே சொல்லுவாங்க. ஒராள் "தையல் கிளாஸ்" எண்டு பதியச் சொன்னா. இன்னும் அந்தப் பேரிலதான் இரிக்கன்.

உம்மா சவூதியிலயோ குவைத்திலயோ இருக்கிற வீடுகளில பிள்ளையைப் பார்க்கிறது மூத்தம்மா. அவவுக்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும். அங்க அப், லிங்க், ஓடீபி ஒண்டும் போகாது. குரல் மட்டும்தான் போகும்.

ரெண்டாவது, எல்லை. வெளிநாட்டில இரிக்கிற ஆக்களுக்கு இது தெரியாது. அம்பாறை ஒரு மாவட்டம், ஆனா பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் பணிமனை ரெண்டு: அம்பாறை ஒண்டு, கல்முனை ஒண்டு. கல்முனையில இருந்து கொஞ்சத் தூரம் வடக்கால போனா மட்டக்களப்பு மாவட்டம், அது இன்னொரு பணிமனை. நோயாளிக்கு இந்தக் கோடு ஒண்டும் தெரியாது. களுவாஞ்சிகுடியில பதிஞ்சவர் மகள் வீட்டில வந்து நிண்டுக்கு கல்முனையில ஊசி போடுவார். களுவாஞ்சிகுடிக் கொப்பியில அவருக்குச் சிவப்பு வட்டம், கல்முனையில புதுக் கொப்பி. அங்கத்த மிஸ் அவரைத் தேடி அலைவா. அப் எது எண்டாலும் பரவால்ல, இந்த ரெண்டு கொப்பியையும் ஒண்டோட ஒண்டு பேச வைக்குமா எண்டதைக் கேட்டுச் சொல்லுங்க.

வாவியோரம் | செவ்வாய் பகல் 1.40

காக்கா, அந்தச் சிவப்பு வட்டத்தில பாதி அப்படித்தான். மாறிப் போட்டிருப்பாங்க, இல்லாட்டி வயல் வெட்டுக் காலத்தில வேற ஊரில நிப்பாங்க. இப்ப அதை வட்ஸ்அப்பிலதான் விசாரிக்கிறம்: "இன்னாரை உங்கட பக்கம் கண்டீங்களா?"

மட்டுறுத்துநர் | செவ்வாய் பகல் 2.30

வைத்தியசாலைப் பேர் வந்த ரெண்டு பதிவுகள் நீக்கப்பட்டிருக்கு. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுத வேணாம்.

ஹரோ நேர்ஸ் | செவ்வாய் இரவு 11.20

நான் கிரான்குளத்தாள், லண்டனில் சமூக உளநல அணியொன்றில் வேலை. இங்கே ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் சிஸ்டத்துக்குள். வீட்டுக்குப் போய் முக்கால் மணித்தியாலம் கதைத்தால் அதைப் பதிய இன்னொரு முக்கால் மணித்தியாலம். அந்த அழகை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம்.

2022 ஆகஸ்ட்டில் அட்வான்ஸ்ட் என்ற கம்பனியின் சேர்வர்களை ரான்சம்வெயார் (தரவைப் பூட்டி வைத்துக் காசு கேட்கும் மென்பொருள்) தாக்கியது. கெயார்நோட்ஸ் என்ற மனநலப் பதிவேட்டைப் பாவித்த ட்ரஸ்ட்களில் (அரச சுகாதார அமைப்புகளில்) ஆட்கள் கிழமைக்கணக்காகப் பழைய நோட்ஸைத் திறக்க முடியாமல் இருந்தார்கள். ஒருவருக்கு என்ன மருந்து, போன தடவை என்ன ஆபத்து இருந்தது, ஒன்றும் தெரியாது. என்னுடைய இடம் அதைப் பாவிக்காததால் தப்பியது. பிறகு 2025இல் தகவல் ஆணையாளர் அந்தக் கம்பனிக்கு முப்பது இலட்சம் பவுணுக்கு மேல் தண்டம் போட்டார். ஆகவே அண்ணன், கொப்பியைத் தூக்கிப் போடாதீர்கள்.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். டயலொக் பிளஸ் என்று ஒரு முறை இருக்கிறது (போன் கம்பனி இல்லை!). கிழக்கு லண்டனில் உருவானது. டெப்பை நடுவில் வைத்து நோயாளியும் நேர்ஸும் சேர்ந்து பார்ப்பார்கள். 11 கேள்வி: மனநிலை, உடல்நலம், வேலை, வீடு, பொழுதுபோக்கு, குடும்பம், சிநேகிதம், பாதுகாப்பு, பிறகு மருந்து, நடைமுறை உதவி, எங்களுடனான சந்திப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை அவரே புள்ளி போடுவார். எதைப் பற்றி இன்று கதைக்க வேண்டும் என்பதையும் அவரே தெரிவார். சென்னையிலும் கராச்சியிலும் அதைப் பரீட்சித்தார்கள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், குரல் கேட்குதா, நித்திரை வருதா என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம். அவர் "வேலை"க்கு 1 போட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்.

படுவான்கரை மிஸ் | புதன் காலை 5.50

தங்கச்சி, அது கிளினிக் அறைக்குள்ள செய்யலாம். நல்லா இருக்கு. எண்ட ஆக்கள் அனேகம் பேர் எல்லாத்துக்கும் 7 போடுவாங்க, மிஸ்ஸின்ட மனம் நோகக்கூடாதெண்டு. ஆனாப் பார்க்கலாம்.

உன்னிச்சைக்குளம் | புதன் காலை 8.10

எல்லாரும் அப், அப் எண்டு கதைக்கிறீங்க. ஒரு கணக்குச் சொல்றன். 1995இல் இந்த நாட்டில தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில இருந்தது, உலகத்திலேயே ஆக உயர்ந்த இடங்களில ஒண்டு. அடுத்த பத்து வருசத்தில அது பாதியாக் குறைஞ்சது. எந்த அப்? ஒண்டுமில்ல. ஆகக் கூடிய நச்சுள்ள பூச்சிநாசினிகளைப் படிப்படியாத் தடை செய்தாங்க. பிறகு 2008 தொடக்கம் 2011 வரைக்கும் பரகுவாட்டும் இன்னும் ரெண்டும் போனது. வயல் செய்யிற ஊர் எங்கட. கடையில அந்தப் போத்தல் இல்லாமப் போனதுதான் உயிரைக் காப்பாத்தினது. அந்தக் காசில டெப் வாங்கிறதை விட ஒரு தாதியைக் கூட நியமிக்கலாம்.

கல்லடிக் கோடர் | புதன் காலை 8.35

கணக்கு சரி. ஆனா வாவியோரம் அண்ணன் கேட்டது தற்கொலை வீதத்தைப் பற்றி இல்லையே. ஊசியைத் தவற விட்ட ஆளைப் பற்றி. அவருக்கு ஆபத்து பூச்சிநாசினியால இல்ல, மருந்து நிண்டு திரும்ப வருத்தம் கூடிறதால. டெப்புக் காசில தாதி நியமிக்க ஏலாது, அது வேற கணக்கில வாற காசு. கிடைக்கிறதை எப்படிப் பிரயோசனமாப் பாவிக்கிறது எண்டதுதான் கேள்வி.

வெள்ளைக்கோட்டு | புதன் இரவு 9.30

மெடிக்கல் ஒபிசர் ஒருவன். வேற மாகாணத்தில இருந்தாலும் ஊர் களுதாவளை.

முதலாவது: அந்த அப்பில பீ.எச்.கியூ-9 எண்ட மனச்சோர்வுக் கேள்வி ஃபோம் இருக்கும், நிச்சயம். எல்லாப் புரொஜெக்ட்டும் அதைப் போடும், ஏனெண்டா இலவசம், ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரைக்கும் புள்ளி, வரைபு போட வசதி. ஒன்பதாவது கேள்வி சாகிற எண்ணம் பற்றியது. ஒராள் வெள்ளிக்கிழமை பின்னேரம் அதுக்கு "அநேகமா ஒவ்வொரு நாளும்" எண்டு அழுத்திறார். ஃபோம் சேர்வருக்குப் போகுது. அதை ஆர் பார்க்கிற? திங்கள் காலை வரைக்கும் ஆருமில்ல எண்டா அந்தக் கேள்வியை டெப்பில கேட்கவே கூடாது. கேட்கிறவர் முன்னால இருக்க வேணும், பதிலைக் கேட்டுட்டு எழும்பிப் போகாத ஆளா இருக்க வேணும். 24 மணித்தியாலமும் அழைக்கிறதுக்கு அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின்ட 1926 இருக்கு, அதைக் கிளினிக் கொப்பி மட்டையில ஒட்டிக் குடுக்கலாம். ஆனா அதைச் சொல்லிப்போட்டுக் கையைக் கழுவ ஏலா.

இரண்டாவது: அடையாள அட்டை இலக்கம். "பேர் எடுக்கல்ல சேர், ஐ.சீ. நம்பர் மட்டும்தான், அநாமதேயம்" எண்டு சொல்லுவாங்க. பழைய இலக்கத்தில முதல் ரெண்டு எண் பிறந்த வருசம், அடுத்த மூண்டு எண் அந்த வருசத்தில எத்தனையாவது நாள், பொம்பிளை எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். கிராம உத்தியோகத்தர் பிரிவையும் சேர்த்துப் போட்டா ஊரில எவரும் ஆளைச் சொல்லிடுவான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில சுகாதாரத் தகவல் விசேட வகைத் தரவு. சேர்வர் எங்க இருக்கு, புரொஜெக்ட் முடிஞ்ச பிறகு ஆருக்குச் சொந்தம், எழுத்தில எடுங்க.

மூண்டாவது, அப் உண்மையா உதவக்கூடிய இடம் எண்டு நான் நினைக்கிறது குளோசபின் எண்ட மனநோய் மருந்து. அந்த மருந்தில வெள்ளை அணு இறங்கலாம். பிரித்தானியாவில கன காலமா இருந்த நடைமுறையில முதல் 18 கிழமை வாராவாரம், ஒரு வருசம் முடியும் வரைக்கும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, பிறகு மாசத்துக்கு ஒருக்கா இரத்தம் பார்க்கிற. இந்தக் கணக்கைக் கொப்பியில மனுசன் வைச்சுக்கொண்டிருக்கிறது கஷ்டம். கொம்பியூட்டர் களைக்காமல் செய்யும். லிதியம் எண்ட மருந்து குடிக்கிற ஆக்களின்ட இரத்தத் திகதிக்கும் அப்படித்தான்.

ஹரோ நேர்ஸ் | புதன் இரவு 11.02

டொக்டர் சொன்ன சேர்வர் விசயத்துக்கு ஒரு சொட்டு. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடினார்கள். 2020இல் விசயம் வெளியில் வந்தது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். கம்பனியிடம் காசு கிடைக்காததும் திருடியவன் நோயாளிகளுக்கே தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பிக் காசு கேட்டான்: தராவிட்டால் நீ சிகிச்சையில் சொன்னதையெல்லாம் போடுவேன் என்று. 2024இல் ஒருவனுக்குச் சிறை. பின்லாந்திலேயே இந்தக் கதி.

புதுக்கோட்டை வாசகர் | வியாழன் காலை 9.20

தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாவட்டத்தில் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010இல் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்தது. பஸ்ஸுக்குள்ளேயே ஒரு அறை, திரை, கேமரா. கிராமத்தில் நிறுத்துவார்கள். நோயாளி உள்ளே போய் உட்கார்ந்தால் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் வீடியோவில் பேசுவார். மருந்தும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த மருந்துதான். வீடியோவில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்க நாற்பது கிலோமீட்டர் போகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். உங்கள் பக்கம் இப்படி ஏதாவது?

படுவான்கரை மிஸ் | வியாழன் பகல் 12.45

பஸ் நல்ல யோசினை. 2022இல் பெற்றோல் இல்லாம கியூ.ஆரோட வரிசையில நிண்ட காலம் எங்களுக்கும் போன்தான் கை குடுத்தது. குரலைக் கேட்டே "நித்திரை கொள்ளல்ல போல" எண்டு சொல்லப் பழகினம்.

ஆனா எல்லாருக்கும் கெமராவை நீட்ட ஏலா. "டீவியில என்னைப் பற்றித்தான் சொல்றாங்க, போனுக்குள்ளால என்னைப் பார்க்கிறாங்க" எண்டு நம்புற ஒரு பெடியனுக்கு முன்னால வீடியோவைத் திறந்து "டொக்டரோட பேசு மனே" எண்டா, அவன்ட பயம் உண்மையாகிடும். இன்னொண்டு, மருந்தால கால் ஒரு இடத்தில நிக்காம ஆடிக்கொண்டிருக்கிறது வீடியோவில தெரியாது, நெஞ்சுக்கு மேலதானே திரையில வருது. நேரில போனா வாசல்லயே கண்டிடுவன்.

அக்கரைப்பற்றுக் காக்கா | வியாழன் பகல் 1.15

மிஸ் சொன்னது நூத்துக்கு நூறு. ஓதிப் பார்க்கிற ஹஸ்ரத்தும் நேரிலதான் பார்க்கார், சடங்குக் கோயில் பூசாரியும் நேரிலதான் பார்க்கார். ஆக்கள் முதல்ல அவங்களிட்டப் போறத்துக்கு அதுவும் ஒரு காரணம். எங்கட ஊரில ரெண்டு மூண்டு ஹஸ்ரத்மார் எண்ட நம்பரை வெச்சிரிக்காங்க. "காக்கா, இது ஓதலுக்குள்ள அடங்கிற சாமான் இல்ல, வந்து பாருங்க" எண்டு கோல் எடுப்பாங்க. எந்த டேஷ்போட்டிலயும் வராத ரெபரல் அது.

கல்லடிக் கோடர் | வியாழன் இரவு 8.40

வட்ஸ்அப்பைப் பற்றி ஆரும் ஒண்டும் சொல்லல்லையே. மெசேஜ் போற வழியில ஆரும் வாசிக்க ஏலாது, 2016இல இருந்து என்கிரிப்ஷன் இருக்கு. பிரச்சினை போய்ச் சேர்ந்த இடத்தில. கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து குரூப்பில போட்டா, குரூப்பில உள்ள ஒவ்வொருத்தரின்ட கலரியிலயும் அது தானா இறங்கும். வீட்டில பிள்ளை கேம் விளையாட அதே போனை எடுக்கும். கூகுள் டிரைவ் பெக்கப்புக்கும் போகும். இடமாற்றம் பெற்றுப் போனவர் இன்னும் குரூப்பில இருப்பார். இண்டைக்கே செய்யக்கூடியது: படங்கள் தானா இறங்கிறதை நிப்பாட்டுங்க, மெசேஜ் தானா அழியிறதை 7 நாளுக்குப் போடுங்க, படம் போடாம கிளினிக் நம்பர் மட்டும் எழுதுங்க, மாறிப் போனவங்களை எடுங்க. காசு ஒண்டும் இல்ல.

இன்னொண்டு, பேர். ஒரே கந்தசாமியை இங்கிலீசில மூண்டு விதமா எழுதி மூண்டு ஆளாக்கி வைச்சிருப்பாங்க. தமிழில பதியுங்க, யூனிகோட்டில. பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச எக்செல் ஷீட்டை அப்படியே ஏத்தினா ஒரு பேரும் வாசிக்க ஏலாது, தேடவும் ஏலாது. அதை மாத்திற வேலையை நான் செய்து தாறன்.

வாவியோரம் | வெள்ளி இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்கு டொக்டரோடயும் மிஸ்மாரோடயும் இருந்து கதைச்சம். புரொஜெக்ட்காரருக்கு இப்படிக் கடிதம் எழுதுறம்: முதல் பக்கத்தில வராதாக்களின்ட லிஸ்ட், அதில "வேற கிளினிக்கில போட்டுட்டார்" எண்டு குறிக்க ஒரு இடம். குளோசபின், லிதியம் ஆக்களின்ட இரத்தத் திகதி. அடையாள அட்டை இலக்கம் இல்ல. பீ.எச்.கியூ கிளினிக் அறைக்குள்ள மட்டும், காகிதத்தில. மெசேஜில பேரும் வராது, பிரிவும் வராது. சேர்வர் கதை எழுத்தில. ஒத்துக்கொண்டா எடுப்பம், இல்லாட்டி டெப்பைத் திருப்பிக் குடுத்திட்டு கோடர் தம்பியோட சேர்ந்து நாங்களே சின்னதா ஒண்டு செய்து பார்ப்பம். எப்படியும் சீ.ஆர். கொப்பி ஒரு வருசத்துக்காவது பக்கத்திலயே இருக்கும்.

கல்முனைப் பக்கத்தோட லிஸ்டைப் பகிரிறது எங்கட கையில இல்ல, ரெண்டு பணிப்பாளர்மாரும் உடன்பட வேணும். அது வரைக்கும் காக்கா, போன்தான்.

புதுசாப் பதியிற ஆளிட்ட கேட்கிறதுக்கு ஒரு துண்டும் எழுதினம்: எந்த நம்பர், ஆரின்ட போன், என்ன நேரம் எடுக்கலாம், எங்கட நம்பரை என்ன பேரில பதியிறது, மெசேஜில என்ன எழுதலாம். விடுபட்டது இருக்கா?

ஆரையம்பதி அக்கா | சனி காலை 6.15

இருக்கு. ஆருக்குச் சொல்லக்கூடாது எண்டு கேளுங்க. எல்லா ஃபோமிலயும் "அவசரத்துக்கு யாரைத் தொடர்பு கொள்வது" எண்டு இருக்கு. ஆருக்குத் தெரிய வரக்கூடாது எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்ல. சிலருக்கு அது மாமியார், சிலருக்குப் புருசன், சிலருக்கு வேலை குடுத்த முதலாளி. எங்கட வீட்டில கேட்டிருந்தா அம்மா உடன சொல்லியிருப்பா.

படுவான்கரை மிஸ் | சனி காலை 6.40

அதை முதலாவது வரியில போடுங்க.

கல்லடிக் கோடர் | சனி காலை 9.00

போடுறன். நாளைக்கு ஒரு டெஸ்ட் லிங்க் தாறன், எல்லாரும் போனில திறந்து பாருங்க. மிஸ், நீங்க வெயிலுக்குள்ள நிண்டு பார்த்துச் சொல்ல வேணும், எழுத்தைப் பெருசாக்கி கறுப்பு வெள்ளையில வைச்சிருக்கன். பொய்ப்பேர் போட்டுத்தான் பார்க்க வேணும், ஒரு உண்மை ஆளின்ட பேரும் உள்ள போகக்கூடாது.